படத்தில் இல்லாத வீடு

முதலில் ஒரு விடுகதை. ஒருவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிகிற கட்டடங்களை எல்லாம் ஒன்று விடாமல் வரைகிறார். ஆனாலும் ஒரு கட்டடம் மட்டும் அந்தப் படத்தில் வரவே வராது. அது எது?

விடை தெரிந்தவர்கள் சற்றுப் பொறுங்கள். இதைக் கண்டுபிடிக்க நகரத் திட்ட அலுவலகத்துக்கு மூன்று வாரமும் ஒரு விசாரணைக் குழுவும் தேவைப்பட்டன. நீங்கள் உடனே சொல்லிவிட்டால் அவர்கள் மனம் புண்படும்.

அந்த அலுவலகம் ஒரு குறுகிய தெருவின் கோடியில் இருந்தது. அந்த ஆண்டு நகரங்களுக்கு ஒரு புது மோகம் பிடித்திருந்தது. கட்டடக் கலை படித்தவர்கள் வரைந்தால் அது பழைய பாணி. படிக்காதவர்கள் வரைந்தால் மக்கள் பங்கேற்பு. எனவே திட்ட அதிகாரி, “உங்கள் கனவுத் தெருவை நீங்களே வரையுங்கள்” என்று ஒரு போட்டி அறிவித்தார். வெற்றி பெறும் வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட திட்டமாகவே ஏற்றுக்கொள்ளப்படும் என்றும், அதை மாற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை என்றும் அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை யாரும் படிக்கவில்லை. அதற்காகத்தானே அது பொடி எழுத்தில் இருக்கிறது.

முந்நூற்றுப் பன்னிரண்டு கனவுகள் வந்தன. அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவர் எழுபது மாடிக் கோபுரம் ஒன்றை வரைந்திருந்தார். எழுபதாவது மாடியில் அவருடைய கடை. கீழே உள்ள அறுபத்தொன்பது மாடிகளும் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறைகள். மாடி வீட்டு அத்தை வட்டமான ஊர் ஒன்றை வரைந்திருந்தார். நடுவில் அவர் வீடு, பத்தடி தூரத்தில் எல்லாக் கடைகளும், ஒரு மைல் தூரத்தில் எல்லா அண்டை வீட்டாரும்.

பரிசு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லாப் படங்களும் அலுவலகக் கோப்புக்குள் மடிக்காமல் வைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தன. அளவாக இருந்தது ஒன்றே ஒன்று. அதை வரைந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. எதையும் நிதானமாகச் செய்வதால் வீட்டில் அவளுக்கு நத்தை என்று பெயர். அப்பா கண்ணாடி வெட்டுபவர். அம்மா தலையணை உறை தைப்பவர். கண்ணாடியில் குறி போடும் அப்பாவின் தடித்த பென்சிலை எடுத்துக்கொண்டு, தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தெருவை அப்படியே வரைந்து, அங்கங்கே தன் ஆசையையும் சேர்த்திருந்தாள் நத்தை.

“எளிமை! துணிச்சல்! கோப்புக்குள் அடங்கும் தன்மை!” என்று பாராட்டிப் பேசினார் அதிகாரி.

பிறகு திட்டம் நிறைவேற்றப்பட்டது. மாடி வீட்டு அத்தைக்குப் படியே இல்லை, சறுக்குமரம்தான். நத்தை அப்படித்தான் வரைந்திருந்தாள். அத்தை கையில் பையோடு சறுக்கி இறங்கினார். ஏறுவதற்கு மட்டும் மனுக் கொடுத்தார். நத்தைக்கு அலுவலகச் சன்னல் வழியே தெரிந்த கடிகாரத்தில் பெரிய முள்ளை வரைவதற்குள் தூக்கம் வந்துவிட்டதால், அலுவலகக் கடிகாரத்தின் பெரிய முள் கழற்றப்பட்டது. அன்று முதல் அங்கே யாரும் தாமதமாக வருவதில்லை.

எல்லாம் முடிந்ததும் அளவையாளர் வந்து படத்தையும் தெருவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மறுநாள் கண்ணாடி வெட்டுபவரின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ‘அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத வீடு ஒன்று மேற்படி இடத்தில் இருந்துகொண்டிருப்பது தெரியவந்துள்ளது. அதை உடனடியாக இல்லாமல் செய்துவிட்டுத் தகவல் தெரிவிக்கவும்.’

அப்பா அறிவிப்பைக் கிழிக்காமல் உரித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

“சார், பதினெட்டு வருஷமா அந்த வீட்டுலதான் இருக்கோம். திடீர்னு இல்லைன்னா எப்படி?”

“நான் சொல்லலையே. படம் சொல்லுது. படத்தை யார் வரைஞ்சது?”

“எம் பொண்ணுதான்.”

“அப்ப உங்க வீட்டை வேணாம்னு உங்க வீட்டுலயே முடிவு பண்ணியிருக்காங்க. இது குடும்ப விவகாரம். அலுவலகம் எப்படித் தலையிடும்?”

“வாசப்படியில உக்காந்து வரைஞ்சா சார். வீடு அவ முதுகுக்குப் பின்னால இருந்துச்சு!”

“திரும்பிப் பாத்திருக்கலாமே?”

அப்பா அறிவிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். ஆனால் பக்கத்தில் இருந்த எழுத்தருக்கு விஷயம் விசாரணைக்கு உரியதாகப் பட்டது. ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. மூன்றாவது வாரம் அந்த ஐந்து பேரும் வாசற்படியில் வரிசையாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் பார்த்தார்கள், வலப்பக்கம் பார்த்தார்கள். கண்ணாடி வெட்டுபவரின் வீடு எங்குமே தெரியவில்லை. ‘வீடு இல்லை என்பது உறுதி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஐயா, கொஞ்சம் காலை எடுங்க. வாசல் கூட்டணும்.”

இல்லாத வீட்டிலிருந்து குரல் வந்ததும் குழு திரும்பிப் பார்த்தது. அன்றுதான் அலுவலக வரலாற்றில் முதல்முறையாக, உட்கார்ந்திருக்கும் இடம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது என்பது பதிவாயிற்று.

அதிகாரி புதிய உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே சிறுமி அதே தெருவை மறுபடி வரைய வேண்டும். இம்முறை ஆசை, கற்பனை எதுவும் கூடாது. ஏதாவது ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே வரைய வேண்டும். படத்தில் இருப்பது இருக்கும், இல்லாதது போகும்.

அப்பா ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

“இதை எதிர்ல வச்சுட்டா, அவ உக்காந்திருக்கிற வீடும் தெரியும் சார்.”

“கண்ணாடியில இடம் வலமா மாறிடும். அப்புறம் கிழக்கு பாத்த வீட்டுக்காரங்க எல்லாம் மேற்கு பாத்து எந்திரிக்கணுமா?”

“சரி, நடுத்தெருவுல உக்காரட்டும்.”

“அது போக்குவரத்துத் துறை. அனுமதிக்கு மூணு மாசம்.”

முதலில் தெருவில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். தங்கள் வாசலில் உட்கார்ந்து வரைந்தால் தங்கள் வீடு பெரிதாக விழும் என்று நினைத்துவிட்டார்கள்.

“நத்தைக் கண்ணு, அத்தை வீட்டுக்கு வாடி. சறுக்குமரத்துல எத்தனை தடவை வேணாலும் சறுக்கலாம்.”

“பாப்பா, மாமா கடையில சாஞ்சு உக்கார்ற நாற்காலி இருக்கு. மேலயும் கீழயும் போகும்.”

வியாழக்கிழமை மாலை முடிதிருத்துபவர் யாருக்கோ கழுத்தோரம் மழித்துக்கொண்டிருந்தவர், கத்தியை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார்.

“அட, நம்ம வாசல்ல உக்காந்தா நம்ம வீடுதானே போகும்!”

செய்தி தெருக்கோடி வரை போக இரண்டு நிமிடம் ஆயிற்று. சன்னல்கள் சாத்தப்பட்டன. வாசற்படிகளில் பூந்தொட்டிகள் முளைத்தன. அத்தை சறுக்குமரத்தில் எண்ணெய் தடவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நத்தை தாளும் பென்சிலுமாகத் தெருவில் இறங்கினாள். அம்மாவும் அப்பாவும் பின்னால் வந்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை.

“நம்ம வாசல்லயே உக்காந்துடலாமா?” என்றாள் நத்தை.

“அப்ப ராத்திரி எங்கடி படுப்ப?” என்றாள் அம்மா. தைத்து முடித்த உறைகளை அவள் முந்தின நாளே மூட்டை கட்டியிருந்தாள்.

அதிகாரி அலுவலகச் சன்னலிலிருந்து இதைப் பார்த்தார். மக்கள் பங்கேற்பு தோற்றுப்போவதை அவரால் தாங்க முடியவில்லை. கூடவே பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்திருந்தார்.

“ஏன் எல்லாரும் இப்படி ஒளியறீங்க?” என்று கை நீட்டிக் கூவினார். “சுயநலம்! பாப்பா, நீ இங்க வாம்மா. இந்த சன்னல்லருந்து தெரு முழுக்கத் தெரியும். என் சுழல் நாற்காலியையே தர்றேன்!”

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெருவே அலுவலக மாடிக்கு ஏறி வந்து கைதட்டியது. அலுவலகம் வைத்த சறுக்குமரத்துக்குப் பதிலாக மறுபடி படி கேட்டு அத்தை கொடுத்த மனு அங்கே ஓர் அலமாரியில் இருந்தது. பெயர்ப்பலகை கேட்டு முடிதிருத்துபவர் ஆறு வருடமாக நடையாய் நடந்த மனுவும் அங்கேதான், கடைசிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தெருவில் மனு இல்லாத வீடே இல்லை. அதிகாரி நேரத்தை மிச்சப்படுத்த, நத்தையின் வெற்றுத் தாளை வாங்கி, அதன் அடியில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

எழுத்தர் மட்டும் கைதட்டவில்லை. விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு சின்ன விஷயம்...”

“அப்புறம், அப்புறம். படம் எடுக்கறாங்க இல்ல?”

கூட்டத்தின் பின்னாலிருந்து முடிதிருத்துபவர் தொண்டையைச் செருமினார். முந்தின இரவு அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

“பாப்பா, வேணும்னா என் கடைப் படியிலயே உக்காரு. போனா போகட்டும். பக்கத்துத் தெருவுல என் தம்பி கடையில ஒரு நாற்காலி சும்மாதான் கிடக்கு.”

நத்தை அவரைப் பார்த்தாள். பிறகு சன்னலுக்குப் போய், எட்டிப் பார்த்து, தெருவின் வீடுகளை ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினாள். பதினான்காவதாகத் தன் வீடு வந்தது. திரும்பி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அலமாரி, கோப்புகள், ஒற்றை முள் கடிகாரம்.

“எங்க உக்காரப் போறம்மா?” என்று கேட்டார் அப்பா.

நத்தை சுழல் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தாள்.