தூரத்துப் புகையை அணைப்பவர்

தூரத்துப் புகைக்காரர் என்றொரு மனித வகை உண்டு. ஏதோவொரு பாலைவனத்தில் எழும் புகைக்கு இவர் கண் கலங்கும். அடுத்த அறையில் எழுவது மூக்கைக்கூடத் தொடாது. நல்லவர்கள்தான். விஷயம் தெரிந்தவர்கள். சொல்வதில் தொண்ணூறு வீதம் உண்மையும்கூட. அதுதான் தொல்லை. பொய் சொல்கிறவராக இருந்தால் எழுந்து போய்விடலாமே?

இலங்கையில் அலுவிகாரை என்ற ஊரில் இருக்கும் இராஜசிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாடொன்றின் எண்ணெய் வயலில் பத்தொன்பது வருடம் குழாய்களையும் வால்வுகளையும் மேற்பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை ‘இஞ்சினியர் ஐயா’ என்பார்கள். அவர் இஞ்சினியர் இல்லை. ஆனால் யாரையும் திருத்தியதும் இல்லை.

அவருக்கு ஒரே கவலை. எண்ணெய் எடுக்கும்போது கூடவே வருகிற வாயுவைக் குழாய் போட்டுக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, கிணற்றடியிலேயே கொளுத்திவிடுகிறார்கள்; கொளுத்தாததைக் காற்றில் விடுகிறார்கள்; மிச்சம் பழைய வால்வுகள் வழியாகத் தானாகவே கசிகிறது. இதை நிறுத்தினால் பூமியின் காய்ச்சல் எவ்வளவோ குறையும். அவர் சொல்வது சரியேதான். ஆனால் பேக்கரியில் பாண் வாங்கப் போன இடத்தில், பல் பிடுங்கப் போன இடத்தில், பலாபத்வலையில் நடந்த கல்யாண வீட்டில் தாலி கட்டுவதற்குச் சரியாக முன்னால், யட்டவத்த பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போன அந்நியர் ஒருவரிடம், என்று எங்கும் எவரிடமும் சொன்னால்?

பக்கத்து வீட்டுப் பலீல், மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர், ஒருநாள் பொறுமையாகக் கேட்டார்.

“இஞ்சினியர் ஐயா, அவ்வளவு கேஸையும் சும்மா எரிக்கிறாங்களா? இங்க நாங்க ஒரு சிலிண்டருக்காக லைன்ல நின்ன காலத்திலயும் எரிச்சாங்களா?”

“அன்னைக்கும் எரிச்சாங்க, பலீல். இன்னைக்கும் எரியுது.”

“அப்ப அந்த ஆக்கள்ட்ட நீங்க சொல்லத்தானே வேணும்? எனக்கு ஏன் சொல்றீங்க?”

இந்தக் கேள்வி இராஜசிங்கத்தின் மனதில் முள்ளாகத் தைத்தது. மெல்பனிலிருக்கும் மகள் மதுராவிடம் சொன்னார். அவள் எங்கெங்கோ எழுதி, பல நாட்டு எண்ணெய் வயல்காரர்கள் இணையத்தில் கூடும் ஒரு கருத்தரங்கில் அப்பாவுக்கு இருபது நிமிடம் வாங்கிக் கொடுத்தாள். சனிக்கிழமை காலை பத்து மணி. தலைப்பு: வாயுக் கசிவை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

புதன்கிழமை மனைவி சுசீலாதேவி குசினியிலிருந்து கூப்பிட்டார். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குப் படிப்பித்த டீச்சர் அவர்.

“ஏங்க, கேஸ் மணக்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

இராஜசிங்கம் வந்தார். முகர்ந்தார். “எனக்கு ஒண்ணும் மணக்கலையே.” பிறகு, வந்ததற்கு ஒரு பிரயோசனம் வேண்டுமே என்று, விளக்கினார்: “கேஸுக்குச் சொந்தமா மணமே கிடையாது, தெரியுமா? கசிஞ்சா மனுஷனுக்குத் தெரியணும்னுதான் மணத்தைக் கலந்து விடுறாங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன். எனக்குத் தெரியுது.”

“ம்” என்றபடி அவர் உரையை எழுதப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் மறுபடியும் சொன்னார். “நாளைக்குப் பேச்சு முடியட்டும், முழுசாக் கழட்டிப் பார்க்கிறேன்” என்றார் இவர்.

சனிக்கிழமை வந்தது. மேலே கோட்டும் டையும், கீழே சாரமுமாக இராஜசிங்கம் முன்னறையில் கணினி முன் உட்கார்ந்தார். திரையில் நூற்றுச் சொச்சம் முகங்கள். மனிதர் பிரமாதமாகப் பேசினார். கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் படம் பிடிக்கும் கமெராவைப் பற்றிச் சொன்னார். “எந்தக் கமெராவையும்விட முக்கியமானது, அங்கேயே நின்று வேலை செய்கிறவர் தரும் முதல் முறைப்பாடு. அதைத் தட்டிக்கழிக்கும் மேற்பார்வையாளரை நான் ஒரு நாளும் மன்னித்ததில்லை” என்று ஆங்கிலத்தில் முழங்கினார்.

அப்போது கதவடியில் சுசீலாதேவி.

“ஏங்க, இப்ப ரொம்ப மணக்குதுங்க. மூடுவோம்னா ரெகுலேட்டர் இறுகிப்போய்க் கிடக்கு. என்னால திருப்ப முடியல.”

இராஜசிங்கம் மைக்கைக் கையால் பொத்தினார். “சத்தம் போடாத! கசிவைப் பத்தித்தானே பேசிக்கிட்டு இருக்கேன்!”

டீச்சர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு பின்கதவால் இறங்கி, மதிலடியில் நின்று பலீலின் மனைவி மஸீனாவைக் கூப்பிட்டார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்தது எதுவும் உரையாற்றியவருக்குத் தெரியாது. பலீல் ஓடிவந்து, சாக்குத் துண்டொன்றைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ரெகுலேட்டரைத் திருப்பி மூடினார். மஸீனா ஜன்னல்களையும் கதவையும் விரியத் திறந்தார். காற்று ஓடி மணம் அடங்கியதும் பலீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், நேராகக் கமெராவுக்கு முன்னால் நின்றார்.

“இஞ்சினியர் ஐயா, ஒங்கட குசினியில பெரிய லீக். அல்லாஹ்ட காவல், டீச்சர் அடுப்பு பத்த வைக்கல்ல.”

இராஜசிங்கம் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலை நூற்றுச் சொச்சம் பேரும் பார்த்தார்கள். “சுவிட்ச் ஒண்ணையும் தொடாதீங்க! ஜன்னலைத் திறங்க! சிலிண்டரை மூடுங்க!”

“எல்லாம் முடிஞ்சிது” என்றார் மஸீனா. “நீங்க பேச்சை முடிச்சிட்டு ஆறுதலா வாங்க.”

சுசீலாதேவி ரப்பர் குழாயைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். சிலிண்டர்ப் பக்க முனையில், விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. இராஜசிங்கம் அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு தீக்குச்சி. அவ்வளவுதான் பாக்கி இருந்திருக்கிறது.

“மூணு தரம் சொன்னியே” என்றார் மெதுவாக.

“நாலு. செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். அது உங்களுக்குக் கேக்கவே இல்ல.”

அவர் திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தார். “என்ன நடந்தது, சேர்?” என்று தலைவர் கேட்டார். கரண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். இலங்கை என்றால் உலகமே நம்பும். இராஜசிங்கம் டையைத் தளர்த்தினார்.

“ஒரு கசிவு. அங்கேயே வேலை செய்கிறவர் நான்கு தரம் முறைப்பாடு செய்திருக்கிறார். மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை.” வெடித்த குழாயைக் கமெராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். “அந்த மேற்பார்வையாளர் நான்தான்.”

முதலில் ஒரு முகம் சிரித்தது, நூறும் சிரித்தன, கைதட்டின. ஓமானிலிருந்து ஒருவர், தமது வயலில் தொழிலாளர்களின் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திங்கட்கிழமையே திறந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். இருபது நிமிட உரையில் உலகத்துக்கு உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு வரிதான்.

இப்போது இராஜசிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சவர்க்கார நுரையும் தூரிகையுமாக ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் கேஸ் குழாய்களுக்குப் பூசிப் பார்க்கிறார். இதுவரை மூன்று வீடுகளில் குமிழி கிளம்பியிருக்கிறது. கண்டுபிடிக்க இரண்டு நிமிடம். அதிலிருந்து கிளம்பி, பேச்சிலேயே வளைகுடா வரை போய்த் திரும்ப நாற்பது நிமிடம். வகை மாறுமா என்ன?

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு உள்ளேயிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் ‘ம்’ என்றீர்கள். என்ன சொன்னார்கள், தெரியுமா?