ஒரே காலையில் இரண்டு உறுதிமொழி

படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பிப் போவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நாம் டீச்சர் ஆகிவிட்டோம் என்பது நம் மூளைக்குத் தெரியும். கை, கால், வாய் மூன்றுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏரியூர் பக்கம் சில ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்த பிறகு, மாறுதல் கலந்தாய்வில் மொரப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியே எனக்குக் கிடைத்தது. திரையில் பள்ளியின் பெயரைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் இருந்த டீச்சர் என் கைப்பையைத்தான் எவனோ அடித்துவிட்டான் என்று நினைத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்பா அன்று சாயங்காலமே மொரப்பூர் போய், தெரிந்தவர், தெரியாதவர், பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்தார். சித்தப்பா மகள் காவ்யா அதே பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டு, “இஸ்கூல்ல அக்கான்னு கூப்புட்டீன்னா வூட்டுல சோறு கெடையாது பாத்துக்க. மிஸ்ஸுன்னுதான் சொல்லணும்” என்று எச்சரித்தார்.

அம்மாவின் கவலையே தலைமை ஆசிரியருக்கும் இருந்தது. எனக்குக் கணக்கு எடுத்த அதே சார்தான் அப்போது தலைமை ஆசிரியர். குரலை உயர்த்தவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், வகுப்பே நடுங்கும். நான் வேலையில் சேர்ந்த அன்றும் கண்ணாடியைத் துடைத்தபடி, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எனக்குச் சொந்தமும் பந்தமுமாக இருப்பதால் பத்தாவதை என்னிடம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது என்றார். “நாளைக்குப் பிரேயர்ல ரெண்டு வார்த்த கெட்டியாப் பேசுங்க டீச்சர். பசங்க எப்படி அடங்கறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

எனக்குப் பத்தாவது வேண்டும். பொதுத்தேர்வு வகுப்பு எடுத்தால்தான் டீச்சர் என்று எங்கள் ஊரில் ஒத்துக்கொள்வார்கள் (ஆறாம் வகுப்பு எடுத்தால் ‘புள்ளைங்கள மேய்க்குது’ என்பார்கள்). ஆகவே அன்று ராத்திரியே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். கண்டிப்பு, கருணை, கொஞ்சம் கலாம் ஐயா வழி கனவு என்று எல்லாம் கலந்த அருமையான பேச்சு. அதை இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் புதுச் சேலையில் மேடை ஏறினேன். வாழ்த்துப் பாடல், உறுதிமொழி, குறள், செய்தி எல்லாம் முடிந்தன. தலைமை ஆசிரியர் சார் என்னை அறிமுகம் செய்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். பி.டி. சார் மைக்கை என்னிடம் நீட்டி, “ம், ஆரம்பி” என்றார்.

அங்கேதான் வந்தது வினை. பத்தாவது படிக்கும்போது பள்ளி மாணவர் தலைவி நான்தான். தினமும் காலையில் இதே மேடையில், இதே பி.டி. சார், இதே குரலில் “ம், ஆரம்பி” என்பார். நான் ஆரம்பிப்பேன். அன்றும் ஆரம்பித்துவிட்டேன்.

“ஸ்கூல்... அட்டென்ஷன்!”

மொத்தப் பள்ளியும் டக்கென்று விறைத்து நின்றது. என்ன ஒரு கட்டுப்பாடு என்று எனக்கே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பில் வலது கை தானாக முன்னால் நீண்டது. உறுதிமொழியைச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் டீச்சர் சொன்னால் திருப்பிச் சொல்லத்தானே வேண்டும்? சொன்னார்கள். ஆசிரியர்களும் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார்கள். பாதியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் உறுதிமொழியைப் பாதியில் நிறுத்துவது எப்படி என்று எந்தப் பி.எட். கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

முடிந்ததும் சார் மைக்கை வாங்குவதற்காகப் படியேறி வருவது தெரிந்தது. கண்ணாடி அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்த பயத்தில் என் வாய் அடுத்த வேலையையும் செய்துவிட்டது.

“தேசிய கீதம்!”

சார் ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக அப்படியே நின்றுவிட்டார். கீதம் முடியும்வரை யாரும் அசைய முடியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு பாதுகாப்பாக இருந்த நேரம் அதுதான். அது முடிந்த கையோடு, வழக்கப்படி டிரம் அடித்துவிட்டார்கள். சார் சொல்ல வைத்திருந்த ஸ்பெஷல் கிளாஸ் அறிவிப்பு அவர் வாயிலேயே இருக்க, பிள்ளைகள் வரிசையாகக் கலைந்தார்கள்.

மேடையை விட்டு ஓடினால் போதும் என்று இறங்கினேன். டிரம் சத்தத்துக்கு என் கால்கள் லெஃப்ட், ரைட் போட்டு ஒரு வரிசையின் பின்னால் நடந்தன. ஒரு வகுப்பில் நுழைந்தன. ஜன்னல் ஓரம், பத்தாவதில் நான் உட்கார்ந்த அதே இரண்டாவது பெஞ்சில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்தன. அப்பாடா என்று மூச்சு விட்டபோது, பக்கத்தில் காவ்யா நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா... இல்ல... மிஸ். அது என் எடங்க.”

நான் எழுவதற்குள் வாசலில் சார் வந்து நின்றார். வகுப்பு முழுவதும் எழுந்து, அந்த இழுவை ராகத்தில் “வ...ண...க்...க...ம் சா...ர்” என்றது. நானும் எழுந்து சொன்னேன். எல்லாரும் முடித்த பிறகும் என் ‘சா...ர்’ மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

“நீங்க மட்டும் இங்க வாங்க டீச்சர்.”

போனேன். ஆறாம் வகுப்புகூடக் கிடைக்காது, திரும்ப ஏரியூருக்கே அனுப்பிவிடுவார் என்று அழுகை முட்டியது. அவர் மேசையில் இருந்த சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தார். “பத்தாவதுக்கு யாரப் போடறதுன்னு யோசனையா இருந்துச்சு. நீங்களே வந்து உக்காந்துட்டீங்க. நடத்துங்க” என்றார். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. வெளியே போய் வராந்தா திரும்பிய பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து அதுவரை நான் கேட்டதே இல்லை. வகுப்பும் அதற்காகவே காத்திருந்ததுபோல வெடித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாக அன்று நான் நடத்திய ஒளியியல் பாடம், நல்லவேளையாக, யாருக்கும் நினைவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்னிடம் பயம் கடைசிவரை வரவே இல்லை. என்ன சந்தேகம் வந்தாலும் கூசாமல் கேட்டார்கள். எல்லாரும் பாஸ்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் காவ்யா வந்து நடித்தே காட்டியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் நான் நீளமாகப் பேச ஆரம்பித்தால் போதும், யாராவது ஒருவர் எழுந்து வலது கையை முன்னால் நீட்டிவிடுவார்.

போன மாதம் அதே காவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். டீச்சர் ஆயிற்றே என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, சித்தப்பா, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்த சனம் வரை எல்லாரும் எழுந்து கை நீட்டி நின்றார்கள். என்ன ஏது என்று தெரியாத மாப்பிள்ளையும் பயந்துபோய் நீட்டினார். இவ்வளவு பேர் நிற்கும்போது சும்மா இறங்க முடியுமா? காவ்யாவைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்வேன், அவள் நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கினால் எழுப்பாமல் நானே சமைப்பேன் என்று மாப்பிள்ளைக்கான உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மாப்பிள்ளை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னார்.