ரத்த ரிப்போர்ட்டுக்குப் பச்சை டிக்

அடுத்தவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்காமலே வாங்கிப் பிரித்துப் பலன் சொல்லும் ஓர் இனம் நாட்டில் பெருகிவருகிறது. ஜோசியராவது தட்சிணை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். இவர் போகமாட்டார்.

இந்த இனத்தில் ஒருவரை நான் முதலில் சந்தித்தது மராத்திச் சீமையில், சிஞ்ச்வட்டில், எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் லிஃப்டுக்குள். குடிவந்து மூன்றாம் நாள். "குடு கண்ணு" என்று என் கையிலிருந்த லேப் கவரை வாங்கியவர், ஐந்தாம் மாடி வருவதற்குள் என் கொலஸ்ட்ராலை லிஃப்டில் இருந்த அத்தனை பேருக்கும் அறிவித்துவிட்டார்.

"என்ன படிச்சிருக்கறே?"

"எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி சார். எங்க ஊர்லயே முதல்ல..."

"அப்பச் சரி, சொன்னாப் புரியும்" என்று எனக்கே பயோகெமிஸ்ட்ரி நடத்த ஆரம்பித்தார்.

பெயர் சுப்ரமணியன். கோயம்புத்தூர்க்காரர். வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டில் முப்பத்திரண்டு வருடம் கியர் சக்கரங்களை அளந்தவர். வரம்புக்குள் இருந்தால் பச்சை டிக். வெளியே போனால் சிவப்புப் பெருக்கல். அவர் ஓய்வு பெற்றார், பேனாக்கள் பெறவில்லை.

காலையில் சொசைட்டித் தோட்டத்தில் அவரைப் பார்க்கவேண்டுமே! சிமென்ட் பெஞ்சைச் சுற்றி ஐம்பது தாண்டிய பெண்கள், நடுவில் இவர்.

"மாசாந்திரம் நின்னுபோச்சுன்னா, ஜெபமணியம்மா, ஈஸ்ட்ரோஜன் இறங்கிப்போகும். கொழுப்பு நேரா வயித்துக்கு வரும். அந்தக் கொழுப்புக்குள்ள நோய் எதிர்ப்புச் செல்லுங்க குடிபுகுந்து, சைட்டோகைன்னு சேதி சொல்ற புரதத்த விட்டுட்டே இருக்கும். அதுங்க போடற கூச்சல்ல, இன்சுலின் வந்து கூப்புடறது தசைக்குக் கேக்காது. அதுதான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் ஜெபமணி. "டிவி ஓடுனா நான் கூப்புடறது அவருக்கும் கேக்காது."

பெஞ்சே சிரித்தது. ஆனால் சுப்ரமணியன் சொன்னதில் தப்பில்லை. இந்த இனத்தின் ஆபத்தே அதுதான். பாதி நேரம் சரியாகச் சொல்லித் தொலைப்பார்கள்.

இந்தப் பிரசங்கத்தை ஒருநாள்கூடக் கேட்காதவர் ஒருவர் உண்டு: அவர் மனைவி சந்திரிகா. பிரசங்க நேரமும் சட்னி அரைக்கும் நேரமும் ஒன்று. ஐம்பத்து நான்கு வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம். அன்றிலிருந்து ரவிக்கைகள் ஒவ்வொன்றாகச் சின்னதாயின; மத்தியானச் சாப்பாடு முடிந்தால் கண் சொருகியது; பின்கழுத்தில் ஒரு கறுப்புப் படர்ந்தது. அழுக்கென்று கடலைமாவு போட்டுத் தேய்த்தார். தோல் எரிந்ததே தவிரக் கறுப்புப் போகவில்லை. அவருடைய அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சர்க்கரை முற்றிக் கால் போனதில் முடிந்தது. இது நினைவு வந்த அன்று தானே போய் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை நீட்டினார்.

"ஏனுங்க, எங்கக்காளுக்கு வந்த மாதிரியே..."

வெறும் வயிற்றுச் சர்க்கரை 97. வரம்பு 99. மூன்று மாதச் சராசரி 5.6. வரம்பு 5.7-க்குக் கீழே.

"அளவுக்குள்ள இருக்குது அம்மிணி. பாஸ்." இரண்டு பச்சை டிக். "இன்னொரு தோசை போடு."

கியர் சக்கரம் அளவுக்குள் நிற்க மூச்சுமுட்டப் பாடுபடுவதில்லை. உடம்பு பாடுபடும். அந்தப் பாட்டுக்கு எந்தப் பேனாவில் டிக் அடிப்பது?

சந்திரிகா நம்பினார். பச்சை மையை யார்தான் நம்பமாட்டார்கள்? ஒரு மாதம் கழித்து லிஃப்ட் ஓடாத ஒருநாள், இரண்டாம் மாடிப் படியில் எழமுடியாமல் உட்கார்ந்திருந்தவரை ஜெபமணிதான் பார்த்தார்.

"ரிப்போர்ட்டப் பாத்து அவரு பாஸ்னு சொல்லிட்டாருங்க்கா."

"பாஸ் போட நீ என்ன கியரா? சல், எந்திரி, டாக்டர்ட்ட போவோம்."

பக்கத்துக் கசார்வாடியில் மராத்தி டாக்டரம்மா ஒருவர் முதலில் பார்த்தது கழுத்தை; அந்தக் கறுப்பு அழுக்கல்ல, இன்சுலின் கோளாறின் அடையாளம் என்றார். பிறகு இடுப்பை நாடாவால் அளந்தார். ரிப்போர்ட்டைக் கடைசியில்தான் எடுத்தார்.

"யே டிக் கிஸ்னே கியா?" இந்த டிக்கை அடித்தது யார் என்று கேட்டார்.

"மேரா ஆத்மி" என்று வீட்டுக்காரரைச் சொன்னார் சந்திரிகா, தரையைப் பார்த்தபடி.

டாக்டர் இன்சுலினை அளக்கச் சொன்னார். வரம்பு 25, இவருக்கு 31. சர்க்கரையை அந்தப் பச்சை டிக்குக்குள் நிறுத்திவைக்கக் கணையம் ஓவர்டைம் பார்க்கிறது, எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லமுடியாது, ஆனால் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். சோற்றைக் குறை, தினமும் நட, எடை தூக்கு.

சந்திரிகா வீட்டுக்கு வந்து தாளை மேசையில் வைத்தார். சுப்ரமணியன் படித்தார். சிவப்புப் பேனாவைத் தேடினார். தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சீங்களாக்கும்? பச்சையிலயா?"

இப்போது தோட்டத்துப் பிரசங்கத்தில் 'எங்க வீட்டுலயே ஒரு கேஸ்' என்றொரு புதுப் பகுதி சேர்ந்திருக்கிறது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போதே சைட்டோகைனைப் பற்றி நாளைக்கு யாரிடம் எடுத்துவிடலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தீர்களே, தெரியாதென்றா நினைத்தீர்கள்? தேடுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு அடுக்களையில் "ஏனுங்க" என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடித்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்திரிகா தினமும் காலை ஆறரைக்கு ஜெபமணியோடு நடக்கிறார். இடுப்பில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. ரிப்போர்ட்டுகள் ஜெபமணி வீட்டு பீரோவில் இருக்கின்றன.