கையில் மிஞ்சிய ஒரு போல்ட்

செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், இன்னும் முழு உருவத்தோடு இருக்கும் நிலையில், பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். இந்த நலம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம் வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேற்பட்ட நலத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அங்கே உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வீட்டில் அக்காவுக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா என்றெல்லாம் விசாரிக்க வேண்டியது என் கடமை. விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். நிற்க. இந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதலாமே தவிர, கால் கிடந்து ஆடுவதால் நானே உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் தங்கை நாற்பது வயதுக் கார் ஒன்றை வாங்கியது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்று உங்களிடம் சொன்னாள். என்னிடமும் அதைத்தான் சொன்னாள். உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சும்மா இருக்க முடியாத இருபது பேர் சேர்ந்து இந்த ஊரில் ஒரு கார் சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் ராலியில் ஓட்ட வேண்டும் என்று அவள் ஆறு வருஷமாகத் தவம் கிடந்து, இந்த முறை இடம் கிடைத்துவிட்டது. வண்டி எண் பன்னிரண்டு, ஆகவே ஏழு பன்னிரண்டுக்குப் புறப்பாடு. ராலி என்றால் பறப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பறப்பதாக இருந்தால் ஒரேயடியாகப் பயந்து முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். இது நேரக்கணக்கு ராலி. இத்தனை கிலோமீட்டரை இந்த வேகத்தில் போய், சொன்ன நொடிக்குப் போய் நிற்க வேண்டும். தாமதமாகப் போனால் தண்டனை, முன்னாலேயே போனால் இரண்டு மடங்கு தண்டனை. ஆக நூற்றெண்பது கிலோமீட்டரும் நிதானமாக, நிறுத்தி, விவரமாகப் பயப்பட வேண்டியிருக்கிறது. பக்கத்து இருக்கையில் வழிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, "இடது, இப்ப வலது, நாலு நொடி மெதுவா" என்று சொல்ல ஓர் ஆள் தேவை. அந்த ஆள் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் வண்டி ஓட்டினால் சைக்கிள்காரன் மணியடித்து முந்திப் போவான் என்பதால், ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

சரி, போகட்டும், உட்கார்ந்து தொலைப்போம் என்றுதான் இருந்தேன். வினை வேறு இடத்தில் வந்தது. ராலிக்கு முன்னால் வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று உங்கள் தங்கை வீட்டு முன்கூடத்திலேயே அதைக் கூறு போட்டுவிட்டாள். மூன்று வாரம் பிரேக் சாப்பாட்டு மேஜையில் இருந்தது, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இருபத்திரண்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; வீட்டிலும் அதே முறைதான். காருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும். "பதினாலு!" என்று குரல் வரும். நான் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை அந்த உள்ளங்கையில் வைக்க வேண்டும். தப்பித் தவறிப் பதின்மூன்றை வைத்துவிட்டால் கை மூடாது, பேச்சும் வராது. விரித்தது விரித்தபடி அப்படியே நிற்கும். மச்சான், ஒரு கை அப்படிப் பார்க்கும் என்று எனக்குக் கல்யாணம் ஆகிற வரை தெரியாது.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைத் தைத்து மூடுவதற்கு முன்னால் எண்ணிக்கை எடுக்க வேண்டும். உள்ளே போன துணி, ஊசி, இடுக்கி எல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணி, சரி என்று சொன்ன பிறகுதான் தையல். ஒருமுறை ஒரு துணி குறைகிறது என்பதற்காக, ஆஸ்பத்திரியே நடுங்கும் பெரிய டாக்டரைப் பார்த்து, "பிரிங்க சார்" என்று சொல்லி, போட்ட தையலைப் பிரிக்க வைத்தவள் உங்கள் தங்கை. துணி கடைசியில் அவர் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வேறு விஷயம்.

இந்தக் காருக்கு எண்ணிக்கை எடுக்கிற வேலை என்னுடையது. ஒரு முட்டை அட்டையைக் கொடுத்து, "கழட்டுற வரிசையிலேயே வைங்க, வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். அப்படித்தான் வைத்தேன். ஆனால் நான் இருபத்தாறு வருஷமாக நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன். நெட்டைப் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை, அதற்கப்புறம் மறுபடி ஒரு நெட்டை என்று கிடந்தால் எனக்குக் கண் கூசும். அவள் குளிக்கப் போன இருபது நிமிஷத்தில் அத்தனையையும் கொட்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, உயரவாரியாக, உயரம் ஒன்றாக இருந்தால் தலைவாரியாக, அணிவகுப்புப் போல அடுக்கி வைத்துவிட்டேன். வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"அடுக்கி வெச்சிட்டேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு."

"இதுல எது எங்க உள்ளது?"

"எல்லாம் போல்ட்டுதானேம்மா?"

மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்தாள். ஞாபகத்தைக் கொண்டே ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசியில் அடியில் படுத்தபடியே, "எண்ணிட்டீங்களா?" என்றாள். "எண்ணிட்டேன்" என்றேன். "சரியா இருக்கா?" "சரியா இருக்கு." பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை மச்சான். தொடங்கும்போது எத்தனை என்று எண்ணாதவன், முடியும்போது எதை வைத்துச் சரிபார்ப்பது? "சரியா இருக்கு" என்பது எனக்கு அப்போது ஒரு மரியாதைச் சொல்லாகத்தான் பட்டது.

மறுநாள், அதாவது போன வாரத் திங்கட்கிழமை. நூலக வாசிப்புக்கூடத்தில் நாற்பது பேர் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கக் குனிந்தேன். முந்தின நாளும் போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து 'டங்' என்று விழுந்து, சாவதானமாக உருண்டு, மேலதிகாரியின் காலடியில் போய் நின்றது ஒரு போல்ட். சுண்டு விரல் பருமன். பளபளவென்று நானே தேய்த்தது. அதிகாரி எடுத்துப் பார்த்து, "உங்களுக்குக் கழண்டு ரொம்ப நாளாச்சுன்னு தெரியும், அதைக் கையில எடுத்துட்டு வேற வருவீங்களா?" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்குக் காதுக்குள் 'ஙொய்' என்ற ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று மாலையே தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்காததால், நண்பர் ஒருவருக்கு வண்டியை மாட்டி முடித்த பிறகு இது மிஞ்சிவிட்டது என்றேன். அவர் போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, ஏறக்குறைய முகர்ந்து பார்த்துவிட்டு, "பிரேக்குல உள்ளதா இருக்கலாம். ஸ்டியரிங்ல இருக்கலாம். சீட்டுக்கு அடியில உள்ளதாவும் இருக்கலாம்" என்றார். "எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். "ஓட்டினா அதுவே சொல்லிடும் சார். உங்க நண்பருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

இப்படியொரு போல்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேற்று முன்தினம் ஒத்திகை ஓட்டத்துக்குப் போனேன். கார் போடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் 'இதுதான், இதுதான்' என்று நெஞ்சு எதிர்ப்பாட்டுப் பாடியது. ஒரு மேடு ஏறி இறங்கியபோது அடியில் 'கிளிங்' என்றது. "என்னது அது?" என்று கேட்டேன். "தண்ணி பாட்டில்" என்றாள். அவளும் கொஞ்சம் அவசரமாகச் சொன்னது போலத்தான் பட்டது. பயத்தில் எனக்கு நாக்கு உலர்ந்துபோய், விரலைத் தொட்டுக்கொள்ள எச்சில் இல்லாமல், வழிப்புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒன்றாகப் புரண்டுவிட்டது. நான் பாட்டுக்கு அடுத்த ஊருக்குரிய "வலது, உடனே இடது, வாசலுக்குள் நுழை"யை இந்த ஊரில் சொல்லிவிட்டேன். அவளும் தியேட்டர் ஒழுக்கத்தோடு அப்படியே செய்தாள். நுழைந்த இடம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற மைதானம். பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே பத்துப் பேர் எட்டுப் போடக் காத்திருக்க, நாங்கள் அத்தனை பேரையும் முந்திக்கொண்டு போய் முக்கால் எட்டு போட்டு, மூன்று கூம்பைச் சாய்த்துவிட்டு நின்றோம். விசிலும் அட்டையுமாக அதிகாரி வந்தார்.

"சிக்னல் போடலை. கண்ணாடி பார்க்கலை. பேரு கூப்பிடுறதுக்கு முன்னாடியே வர்றீங்க. என்னம்மா அவசரம்?"

"சார், நான் இருபது வருஷமா ஓட்டுறேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பக்கத்துல கண்ணை இறுக்கி மூடிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான் சொல்லிக்குடுக்கிறவரா? நல்லா இருக்கும்மா. அடுத்த மாசம் வாங்க."

உங்கள் தங்கையைத் தேர்வில் தோற்கடித்துவிட்டார், மச்சான்! வாசல் தாண்டியதும், "ரெண்டு பக்கம் எப்படிங்க ஒண்ணாப் புரளும்?" என்றாள். காற்று என்றேன். கண்ணாடி நான்கும் ஏற்றியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? சொன்னால் மூன்று வார வேலையையும் மறுபடி பிரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும், ஆறு வருஷத் தவம் என்னால் கலைந்தது என்று ஆகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். எண்ணினேன் என்று எண்ணாமல் சொன்னவனை அந்தக் கை எப்படிப் பார்க்கும் என்பதைத்தான் தாங்க முடியாது. சொல்லாவிட்டாலோ, பிரேக்கில் இல்லாத ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நூற்றெண்பது கிலோமீட்டர். அதில் மலைப்பாதை மட்டும் முப்பது. என்னை விடுங்கள், நான் புத்தகம் அடுக்குகிற ஆள், என் இடத்துக்கு இன்னொருவன் வருவான். வண்டியை ஓட்டப்போவது அவள்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு பிச்சை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள். இந்த உலகத்தில் அவள் பயப்படுகிற ஒரே பொருள் உங்கள் முகம். வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இந்த வயசுல உனக்கு ராலி கேக்குதா?" என்று ஒரு சத்தம் போடுங்கள். காரணம் கேட்டால் சகுனம் சரியில்லை என்றோ, உன் புருஷனுக்கு ரத்தக்கொதிப்பு என்றோ எதையாவது சொல்லுங்கள். போல்ட் என்ற சொல் மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. நான் பக்கத்திலேயே நின்று, "அண்ணன் சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்" என்று தலையாட்டுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேத்தி நூறாண்டு வாழ்க. காரில் ஏறாமல் வாழ்க.

உங்கள் கால்களைப் பிடிக்கும் (கையும் நடுங்குவதால் எதையாவது பிடித்தாக வேண்டும்),
மாப்பிள்ளை

பின்குறிப்பு (புதன் மாலை): மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். நேற்று இரவு உறையை ஒட்டப் பசை தேடி, உங்கள் தங்கையின் தையல் பெட்டியைத் திறந்தேன். நூல்கண்டுக்கு அடியில், ஆஸ்பத்திரிப் பஞ்சில் பத்திரமாகச் சுற்றி, ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு வாஷரும் இருந்தன. "இது என்னம்மா?" என்றேன். பெரிய டாக்டருக்கே அசராதவளுக்கு நாக்குக் குழறிவிட்டது. "அது... அன்னிக்கே மிஞ்சிடுச்சுங்க. நீங்கதான் எண்ணிட்டேன்னீங்களே, நான் எப்படி இல்லன்னு சொல்றது?" நான் பையிலிருந்து போல்ட்டை எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நாளாக ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். அந்தக் 'கிளிங்'கும் தண்ணீர் பாட்டில் இல்லையாம். இன்று இருவரும் விடுப்பு எடுத்து வண்டியை மறுபடி பிரித்தோம். இந்த முறை ஒவ்வொரு போல்ட்டுக்கும் நூலக அட்டை ஒன்று எழுதிக் கட்டினேன். என் போல்ட்டும் அவள் ஸ்பிரிங்கும் வாஷரும் பின்சக்கரப் பிரேக்கில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தன. எண்ணினோம், உரக்க எண்ணினோம், சரியாக இருந்தது. அப்போதுதான் அவள் டார்ச்சை அடித்து, "என்னங்க, இங்க பாருங்க" என்றாள். ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்க நான்கு துளை. மூன்றில்தான் போல்ட். நான்காவதில் துருவும் சிலந்தி வலையும். முன்னால் வைத்திருந்தவர் காலத்திலிருந்தே அங்கே எதுவும் இருந்ததில்லை. "ஆறு வருஷமா இதுலதாங்க போயிட்டு வந்தோம்" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இதுதான் சமயமென்று, "போகாம இருந்துடலாமா?" என்று கேட்டேன். அந்தக் காலித் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "எங்க இல்லன்னு தெரியாதவரைக்கும்தான் பயம். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றாள். எனக்கும், நம்ப மாட்டீர்கள், ஒரு கால் ஆடுவது நின்றுவிட்டது. அந்த அளவு போல்ட் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. மற்ற மூன்றில் ஒன்றைக் கழற்றி இந்தத் தாளின் பின்பக்கம் வைத்து வரைந்திருக்கிறேன். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முகத்தை அங்கேயே வைத்துவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில், உங்கள் ஊர்க் கடையில் வாங்கிய போல்ட்டோடு வாருங்கள். ஒன்று போதும் என்கிறாள் உங்கள் தங்கை. நீங்கள் இரண்டாக வாங்கி வாருங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம்.