பாய்லரின் பிசினஸ் இங்கிலீஷ்

"எழுது. 'யோவ், நீங்கள்லாம் மனுஷங்கதானா?' அதுல ஆரம்பி."

"அப்பா, பிசினஸ் இங்கிலீஷ்ல யோவ் கிடையாது."

"யோவ் இல்லாம எப்படிய்யா பிசினஸ் பண்றாங்க?"

மகள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பெரிய இஸ்திரி மிஷின் செத்துக் கிடந்தது. அதன் உருளைகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்று பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கியது. மிஷின் நாக்கைத் துருத்திப் பழிப்பு காட்டுவதாகவே அவருக்குப் பட்டது.

சலவைக் கடையில் வேலை செய்பவர்கள் முதலாளிக்கு வைத்த பெயர் பாய்லர். கடையில் பாய்லர் இரண்டு என்பார்கள். பின்பக்கம் இருக்கிற பாய்லரில் அழுத்தம் ஏறினால் திறந்துவிட ஒரு வால்வு உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பாய்லருக்கும் போன வருஷம் வரை ஒன்று இருந்தது, அவர் மனைவி. கணக்கு பார்ப்பாள், கம்பெனிகளுக்கு மெயில் போடுவாள், அவர் கத்தத் தொடங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் போய்ச் சேர்ந்தபின் அவருக்கு ஏறுவது மட்டும்தான், இறங்க வழியில்லை.

மிஷின் நின்றதுமே அவர் மெக்கானிக்குக்குத்தான் போன் செய்தார். மிஷின் கம்பெனியிலிருந்து வழக்கமாக வருகிற ஆள். ஆனால் அவன் இழுத்தான்.

"தலைமை ஆபீஸ் சொன்னாத்தான் சார் நான் வண்டியெடுக்க முடியும். அம்மா போடுவாங்களே, அந்த மாதிரி ஒரு மெயில் போட்டு விடுங்க. அம்மா போட்டா அன்னிக்கே என்னை அனுப்பிடுவாங்க."

அம்மா போட்ட மாதிரி என்றால் எப்படி? அவள் மெயில் பெட்டியின் கடவுச்சொல்லை அவளோடேயே கொண்டுபோய்விட்டாள். மிச்சமிருந்தது, வாரக் கடைசி வகுப்புக்குப் போனபோது அவள் வாங்கிய வணிக ஆங்கிலப் புத்தகம்தான். அதில் 'இஃப்' போட்டு எழுதுகிற ஒரே ஒரு பாடத்தில் மட்டும் பென்சில் கோடுகள் நிறைய இருந்தன.

"அம்மா குரல் உசத்தி நான் கேட்டதே இல்ல. இதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க" என்றாள் மகள். "நேரா 'வா'ன்னு சொல்லக்கூடாதாம். 'வந்தால்'னு சொல்லணுமாம்."

"வந்தா? வந்தா மடியில உக்கார வெச்சுக் கொஞ்சுவோம்னு எழுது!"

"சனிக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போயாகணும். அம்மா மாதிரி எழுதணுமா, உங்க மாதிரி எழுதணுமா?"

அந்த ஆஸ்பத்திரிதான் கடைக்குச் சோறு. அது கைவிட்டுப் போனால் கடையை மூடிவிட்டுச் சாவியைத் தொங்கவிட வேண்டியதுதான். பாய்லர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மெயில் போயிற்று. 'தங்கள் பணியாளர் வந்தால் நாங்கள் மிகுந்த நன்றியுடையவர்களாக இருப்போம்.'

மறுநாள் பதில் வந்தது. 'தாங்கள் நன்றியுடன் இருப்பீர்கள் என அறிந்து மகிழ்ச்சி. பணியாளர் கிடைத்தால் தெரிவிக்கிறோம்.'

"அவனும் ஒரு 'தால்' போடறான் பாரு! நான் போட்டா பணிவு, அவன் போட்டா திமிர்!"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "மிஷின் இல்லன்னா கை இல்லயா நமக்கு? கையாலயே தேய்ங்க!"

பக்கத்துத் தையற்கடை, எதிர்வீடு, சொந்த வீடு என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் இஸ்திரிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் செருகினார்.

"முதலாளி, இத்தனையும் ஒண்ணா போட்டா வயர் தாங்குமா?" என்றாள் இஸ்திரி போடுகிற அக்கா.

"என்னையே தாங்கற கடை, இதைத் தாங்காதா?"

டப் என்று ஒரு சத்தம். கடை மட்டுமல்ல, கட்டடமே இருண்டது. மாடியிலிருந்து பல் டாக்டர் கையுறையோடு இறங்கி வந்தார்.

"யாரு சார் இது பண்ணது? மேல ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காரு!"

"மூடச் சொல்லுங்க!"

"மூட முடிஞ்சா நான் ஏன் இறங்கி வரேன்?"

கரண்ட் வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வந்த வேகத்தில், அணைக்க மறந்த பெட்டி ஒன்று ஆஸ்பத்திரி விரிப்பின் நட்டநடுவில் தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் பணிவா எழுதிப் பார்க்கலாம்" என்றாள் மகள்.

"இதுக்கு மேல பணிஞ்சா தரையில புதைஞ்சுடுவேன்!"

இருந்தாலும் எழுதினார்கள். 'தாங்கள் ஒருவேளை வியாழக்கிழமை வர இயலுமானால் அது எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.' பதிலாக ஒரு வண்ண விளம்பரம் வந்தது. 'எங்கள் புதிய மிஷினை வாங்கினால் பழுது பார்க்கும் தேவையே இராது!'

பாய்லர் போய்ப் பழைய மிஷினை ஓங்கி ஓர் உதை விட்டார். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கட்டை விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியது.

வியாழன் சாயங்காலம், வீங்கிய காலை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு அவர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். மகள் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இங்க இன்னொரு வகை இருக்குப்பா. கடைசி வகை. கை மீறிப் போனதுக்குச் சொல்றது. 'நீங்கள் முன்னாடியே வந்திருந்தால், இப்படி ஆகியிருக்காது.'"

பாய்லர் கத்தவில்லை. வாளிக்குள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார். போன வருஷம், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பேனாவை மூடியபடி ஒரு டாக்டர் சொன்னார். அன்றைக்கும் அவர் கத்தவில்லை.

"அதை அனுப்பாத" என்றார்.

"அனுப்பிட்டேனேப்பா."

வெள்ளி காலை பதில் தயாராக இருந்தது. 'தாங்கள் குறிப்பிடுவது நடந்து முடிந்த விஷயமாதலால், தங்கள் புகாரை இத்துடன் முடித்துவைக்கிறோம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

பாய்லர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் துணிகளுக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ்.

"விரிப்பெல்லாம் நாளைக்கு வந்துடும்ல?"

அவருக்கு நாலு நாள் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "நீங்க மட்டும் பெரிய மனசு பண்ணி இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டீங்கன்னா..."

"நாளைக்குக் காலையில வரலன்னா வேற கடைக்குப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்தாள்.

பாய்லர் கையிலிருந்த போனை வெறித்துப் பார்த்தார். காதோரம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இஸ்திரி அக்கா, விஷயம் தெரிந்தவளாக, துணி மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"குடு அந்தக் கம்ப்யூட்டரை!"

"அப்பா, வேண்டாம்ப்பா. அம்மா பேரைக் கெடுத்துடாதீங்க!"

"உங்கம்மா பேரைச் சொல்லித்தான் நாலு நாளா அந்தத் தடிமாடுகளைத் தடவிக் குடுத்துட்டிருக்கேன். நகரு!"

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் அறைந்து அறைந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினார். 'இஃப் யூ நாட் கம், ஐ கம்.' அடியில் கடையின் பெயரைப் போட்டு அனுப்பினார்.

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "போச்சு. இனிமே நம்ம மெயிலைத் திறக்கக்கூட மாட்டாங்க."

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வைப்பதற்குள் வாசலில் வேன் வந்து கிறீச்சிட்டு நின்றது. மெக்கானிக் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தான்.

"சார் இருக்காரா? கிளம்பிடலயே?"

"ஏன்யா?"

"அப்பாடா. கிளம்பிட்டீங்களான்னு ஆபீஸ்லேர்ந்து நாலு தடவ போன் பண்ணிட்டாங்க சார்."

அவன் மிஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். இற்றுப்போன சங்கிலியை உருவி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினான். உருளைகள் சுற்றத் தொடங்கின. சிக்கியிருந்த விரிப்பு உள்ளே போய், அந்தப் பக்கம் மடிப்பில்லாமல், சூடாக, தாள் போல வழுக்கிக்கொண்டு வந்தது. இஸ்திரி அக்கா கை தட்டினாள்.

பாய்லர் வீங்கிய விரலோடு கடைக்குள் ஒரு சுற்று நடந்தார்.

"பாத்தியா? நாலு நாளா 'தால்', 'தால்'னு அவன் காலைப் பிடிச்சோம். ஒரே வரி! ஆனா ஒண்ணும்மா, உங்கம்மா இதைப் பாத்திருந்தா வெக்கத்துல தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டிருப்பா. அவ எவ்வளவு நயமா எழுதி இவங்களை வரவழைச்சிருப்பா!"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான்.

"நயமாவா? இத்தனை வருஷமும் அம்மா போட்டது ஒரே மெயில்தான் சார். 'இன்னைக்குள்ள ஆள் வரலன்னா, என் வீட்டுக்காரரை அங்க அனுப்பி வெப்பேன்.'"