அசுரன் பல்லுக்கு ஒரு செம்பு வெந்நீர்

கே.ஜி.கண்டிகையில் பஸ் நின்றால் பாதி பஸ் அங்கேயே காலி. திருத்தணி மலைக்குக் காவடியோடு கிளம்பியவர்கள்கூட வழியிலேயே இறங்கிவிட்டார்கள். முருகன் எங்கே போய்விடப் போகிறார், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அசுரன் பல்லைப் பார்த்தாக வேண்டுமே!

கீற்றுப் பந்தலுக்குள் பித்தளைத் தாம்பாளம். அதில் சந்தனம் அப்பி, பூச்சுற்றி, தேங்காய் அளவில் ஒரு பல். வேல் பட்டுத் தெறித்ததாம். பக்கத்தில் காவி வேட்டியில் பஞ்சாட்சரம். போன வருஷம்வரை செல்போன் கவர் விற்றவர், இப்போது சாமி. பதவி உயர்வு என்றால் இதல்லவா பதவி உயர்வு!

இந்தச் சாமி விவரமானவர். வாசலில் பேனரே கட்டியிருந்தார்: ‘யுரேனியம் ஆய்வில் நிரூபணம். பல்லின் வயது இரண்டு லட்சம் ஆண்டு.’ எந்த ஆய்வுக்கூடம் என்று கேட்டால் சாமி குத்தம். பல் ஊறிய தண்ணீர்தான் யுரேனியத் தீர்த்தம். பாட்டிலின் ஒரு பக்கம் வேல், மறுபக்கம் அணுவின் படம். பக்திமானும் வாங்கலாம், படித்தவனும் வாங்கலாம்.

உள்ளூர் மாட்டுக்காரர் ஆறுமுகம் முதல் வரிசை பக்தர். மனைவி விஜிக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகித் தாடை வீங்கியிருந்தது. தீர்த்தம் கொடுத்தார். அந்தப் பல்லில் சுரண்டிய சில்லு என்று சாமி தந்த தாயத்தையும் கழுத்தில் கட்டினார். மாத்திரை தொட்டால் சக்தி முறிந்துவிடும் என்று சாமி சொன்னதால் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்.

விஜியின் தங்கை கல்பனா சென்னையில் இருப்பவள். பூமியில் தோண்டி எடுத்த எலும்புக்கும் பல்லுக்கும் வயது பார்க்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. அக்காவைப் பார்க்க வந்தவள், அக்கா புருஷன் முன்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பாவா, அக்காவை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க.”

“சயின்ஸே சொல்லிடுச்சும்மா. நீ இன்னா அதுக்கு மேலயா?”

“அந்த சயின்ஸ்தான் பாவா என் பொழப்பே!”

மனிதர் அசையவில்லை. “பொய்னு காட்டு, அப்புறம் இட்டுனு போறேன்” என்றார். கல்பனா தாயத்தைப் பிரித்துச் சில்லை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலைப் பிடித்தாள்.

கிருத்திகையன்று திரும்பி வந்தபோது விஜியின் வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. எச்சில் விழுங்கவே திணறினாள். ஆறுமுகமோ இன்னொரு பாட்டிலுக்காகப் பந்தலில் நின்றார். கல்பனா நேராகப் பந்தலுக்குள் நுழைந்தாள்.

“சாமி, இந்தப் பல்லுக்குள்ள யுரேனியம் எப்டி வந்துச்சு?”

“அசுரன் பொறக்கும்போதே இருந்துச்சும்மா.”

“உசுரோட இருக்கிற பல்லுல அது இருக்கவே இருக்காதுன்னு சொல்லலாம். செத்து மண்ணுல பொதைஞ்ச பிறகு, மண்ணுல ஊர்ற தண்ணிதான் கொஞ்சம் கொஞ்சமா கொண்டாந்து சேர்க்கும். அது மெதுவா தோரியமா மாறிகினே இருக்கும். எவ்ளோ மாறியிருக்குன்னு பார்த்துதான் வயசு சொல்றது. நீங்க குடுத்த சில்லுல யுரேனியமே இல்ல. இது ஒரு மழைக்காலம்கூட மண்ணுக்குள்ள இருந்த பல்லு இல்ல.”

கூட்டம் சாமியைப் பார்த்தது. சாமி கண்ணை மூடினார். திறந்தார். சிரித்தார்.

“எப்டி இருக்கும்? எல்லாம் தீர்த்தத்துல எறங்கிடுச்சே! உங்களுக்குத்தானே குடுத்துகினு வரேன்!”

கூட்டம் கை தட்டியது. சிலர் அழுதே விட்டார்கள். ஆனால் ஆறுமுகத்துக்கு வேறொரு யோசனை. வாழ்நாளெல்லாம் டீ குடித்த மனிதரல்லவா!

“சாமி, பச்சத்தண்ணில எறங்குறதே இம்மாம் சக்தின்னா, சுடுதண்ணி ஊத்துனா மிச்சம் மீதி மொத்தமும் எறங்குமே! என் பொண்டாட்டிக்கு ஸ்ட்ராங்கா ஒரு சொம்பு வேணும் சாமி!”

“ஆங், எனக்கும்!” என்று கூட்டம் பாய்ந்தது. சாமி முகம் செத்தது. “வேணாம்பா, அசுரனுக்குச் சூடு ஆகாது...” என்பதற்குள் பக்கத்து டீக்கடைக்காரர் கொதிக்கிற செம்போடு வந்துவிட்டார். ஆறுமுகம் வாங்கி, முருகா என்று ஊற்றினார்.

சந்தனம் கரைந்தது. உள்ளே மெழுகு உருகியது. இரண்டு லட்சம் வருஷத்து அசுரப் பல் பத்துப் பன்னிரண்டு பல்லாகப் பொலபொலவென்று உதிர்ந்து தாம்பாளத்தில் உருண்டது. ஆறுமுகம் ஒன்றைக் கையிலெடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

“அடப்பாவி! மாட்டுக் கடைவாய்ப் பல்லுடா!”

பஞ்சாட்சரம் பந்தலின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடினார். பாதிக் கூட்டம் துரத்தியது. மீதிக் கூட்டத்தில் ஓர் ஆள், மெழுகு மிதந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டுமாம்.

ஆறுமுகம் ஆட்டோவில் விஜியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் சீழை வடித்த டாக்டர், “மூச்சுக்குழாயை அடைக்கிற வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்தீங்க? வாயைத் தொறந்து ஒருதரம் பார்க்கலையா?” என்று கத்தினார்.

மறுநாள் விஜிக்கு வாய் திறந்தது. முதலில் கஞ்சி கேட்டாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

“சந்தைல மாடு வாங்கும்போது, வாயைப் பொளந்து பல்லைப் பார்க்காம என்னிக்காச்சும் வாங்கிகிறியாய்யா நீ?”

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மட்டும் குனிந்தால் போதுமா? மாட்டுக்கு முன்னால் விழித்துக்கொள்கிற நம் புத்தி, காவியைக் கண்டதும் ஏனய்யா படுத்துக்கொள்கிறது?