நிறைந்த பிறகு ஓடும் மோட்டார் குறித்துச் சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இதை எழுதும்போது மேல்தொட்டி நிறைந்து, தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே மற்ற மரியாதைகளை எல்லாம் செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

தங்கள் மகனும் என் மகளும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து செய்துவந்த அந்தச் சின்னக் கருவி தங்களுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் தானே நிறுத்தும். அதற்குள் ஓடுகிற ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, இருவரும் எழுதி, விற்காமல், உலகத்துக்கே பொதுவில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். நல்ல காரியம்தான். ஆனால் அதனாலேயே புருஷன் பெண்டாட்டி சண்டையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் கட்சி கட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே வீடு ரெண்டு பட்டதில் ஊரே கூத்தாடுகிறது.

சண்டைக்குக் காரணம் இதுதான். நிரல் முழுவதும் ஒரே ரெப்போவில், அதாவது ஒரே கிடங்கில், இருந்தது. தண்ணீரை அளக்கும் சென்சார், மோட்டார், நிலவரத்தைக் காட்டும் போன் மூன்றுக்கும் தனித்தனிக் கிடங்கு வேண்டும் என்பது மாப்பிள்ளை கட்சி. "சென்சாரை மட்டும் தொட வர்றவன் எதுக்கு மொத்தத்தையும் இறக்கிக்கணும்?" என்பது அவர் வாதம். "ஒரு பக்கம் மாத்தினா மறு பக்கத்தையும் கையோட மாத்தணும், பிரிச்சா ஒண்ணு செய்றது ஒண்ணுக்குத் தெரியாது" என்பது என் மகள் வாதம். எனக்கு இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பஸ் டெப்போவில் உதிரிபாகக் கிடங்கைக் கட்டி ஆண்டவன் நான். எங்களுடையது ஒரே கிடங்குதான், எல்லாம் அதில் இருந்தது, எதுவும் யாருக்கும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவள் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் மாப்பிள்ளை தானாகவே பிரித்துவிட்டார். பிரித்ததுகூடப் பரவாயில்லை சம்பந்தி. பழைய சரித்திரத்தை விட்டுவிட்டு, கோப்புகளை மட்டும் அள்ளிப் புதுக் கிடங்குகளில் போட்டிருக்கிறார். அந்த உலகத்தில் ஒவ்வொரு வரிக்கும் எழுதினவர் பெயர் நிற்குமாம். இவர் அள்ளிப் போட்டதில் எல்லா வரியும் இவர் பெயருக்கு வந்துவிட்டது. "அப்பா, இத்தனை வருஷமா நான் எழுதினதெல்லாம் அவர் ஒரே நாள்ல எழுதின மாதிரி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு உள்ளே வந்தாள். ஃபர்ம்வேர் எனக்குப் புரியாது. இது புரிந்தது, வலிக்கவும் செய்தது.

இப்போது மோட்டார் நிரல் தங்கள் வீட்டில் மாப்பிள்ளை கையில், சென்சார் நிரல் இங்கே இவள் கையில். இவள் வந்ததும் எங்கள் தொட்டியில் இருக்கும் சென்சாரைத் திருத்தினாள். முன்னே அது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும், இப்போது எவ்வளவு இடம் காலி என்று சொல்கிறது. அந்தச் சேதி மோட்டாருக்குப் போகவில்லை. தொட்டி நிறைந்து சென்சார் பூஜ்யம் என்றால், ஐயோ தண்ணீரே இல்லை என்று மோட்டார் ஓடுகிறது. தொட்டி வறண்டால் நிம்மதியாக நின்றுவிடுகிறது. பழைய சுவிட்ச் என்னாச்சு என்று கேட்பீர்கள். அதைக் கழற்றி எறிந்தவள் இவள்தான், இனி தேவையில்லையாம். கீழ்வீட்டுக்காரர் தினமும் முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கொண்டு வந்து என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வைதான் தாங்கமுடியவில்லை.

பக்கத்து அறையில் இருக்கிற மகளிடம் சொன்னால் "முறைப்படி எழுதிப் போடுங்கப்பா" என்கிறாள். சரி, சென்சார் கிடங்கில் புகார் எழுதினேன். "இது மோட்டார் பிரச்சினை, அங்கே கேட்கவும்" என்று பதில் எழுதி மூடிவிட்டாள், பெற்ற அப்பனிடம். மோட்டார் கிடங்குக்குப் போனேன். "இது சென்சார் பிரச்சினை, மாமா" என்று மாப்பிள்ளை மரியாதையாக மூடினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பொறுக்கமுடியாமல் "பெண் பெட்டியோடு வந்துவிட்டாள், நாள் ஆகிறது, யாராவது பாருங்கள்" என்று பொதுவிலேயே எழுதிவிட்டேன். எவனோ ஒரு புண்ணியவான், இதே புகார் ஏற்கெனவே வந்திருக்கிறது என்று அதையும் மூடிவிட்டான். போய்ப் பார்த்தால், "மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று அங்கே எழுதியிருந்தது தாங்கள்தான்.

ஆகவே சம்பந்தி, நமக்குள்ளேயே முடித்துவிடுவோம். தங்கள் மகனிடம் கறாராகச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் பழையபடி ஒரே கிடங்கில் சேர்க்கட்டும், என் மகள் எழுதினதில் என் மகள் பெயரைப் போடட்டும், வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகட்டும். அவள் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. நான் இங்கே சேர்ப்பதன் பெருமையை அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு, கோபம் போக மீதி இருக்கும் ஆசீர்வாதம் அனைத்தும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை மடிக்கணினியோடு வந்து நின்றார். பழைய சரித்திரத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எழுதினவர் பெயரைத் திரும்பக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் சேர்த்துவிட்டார். அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். வந்தவள் உட்கார்ந்து, "பேர் வந்தது சரி. ஆனா பிரிச்சதே நல்லதுங்க. சென்சார் மட்டும் தனியா இருந்ததாலதான் யாரோ ஒரு வாத்தியார் பயப்படாம உள்ள வந்து ஒரு தப்பைத் திருத்திட்டுப் போனார்" என்றாள். அவர், "இல்லம்மா, திரும்பச் சேர்க்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சுது, ஒண்ணா இருக்கறதுதான் சரி" என்றார். ஆகவே மேலே நான் சேர்க்கச் சொன்ன இடத்திலெல்லாம் பிரிக்கச் சொன்னதாகவும், மாப்பிள்ளையைத் திட்டிய இடத்திலெல்லாம் என் மகளைத் திட்டியதாகவும் மாற்றிப் படிக்கவும். இங்கே பேசி முடிகிற விஷயமில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஒரே வண்டியில் கிளம்பிவிட்டார்கள். தெருமுனை திரும்பும் வரை கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டுதான் போனார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் அங்கே வந்திருப்பார்கள். தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் சம்பந்தி, நடுவில் புகுந்து சமாதானம் மட்டும் செய்துவைத்துவிடாதீர்கள்.